பத்துக்குப் பத்து ருக்மணி

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. எட்டாம் வகுப்பில் இருபது பேரில் ருக்மணி மட்டும் வரவில்லை. கரும்பு தின்று வயிறு கெட்டிருக்கும்.

பீரோவிலிருந்து கணக்கு ஆப் போட்ட டேப்லெட்களை எடுத்துக் கொடுத்தேன். பாவாடையிலும் சட்டையிலும் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார்கள். வீட்டிலிருக்கும் ஒரே போனையும் அப்பாவோ அம்மாவோ வேலைக்கு எடுத்துப் போய்விடுகிற பிள்ளைகள். என்னிடம் வாய்ப்பாடு சொல்லப் பயந்தவன்கூட டேப்பில் வர்க்கமூலம் போடுகிறான். அதற்கு அடிக்கத் தெரியாது என்பதால் இருக்கும்.

ஜனவரி 24, வெள்ளி

டேப் கொடுத்த டிரஸ்டிலிருந்து கௌதம் போன். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, எந்தப் பள்ளியில் யார் எத்தனை கணக்கு போட்டார்கள் என்று கம்ப்யூட்டரில் பார்ப்பவர்.

"மேடம், ருக்மணின்னு ஒரு ஸ்டூடன்ட் ஒரு கணக்கும் போடல, சிவப்புல இருக்காங்க. மூணு வாரம் அப்படியே இருந்தா இருபது டேப்பையும் வேற ஸ்கூலுக்கு மாத்திடுவாங்க. ரூல் மேடம்."

ஒருத்தி வராததற்கு இருபது பேர் கையிலிருந்தும் பிடுங்குவார்களாம். எந்த அறிவாளி போட்ட ரூல் என்று கேட்க நினைத்தேன். "சரி சார்" என்றேன்.

ஜனவரி 27, திங்கள்

ருக்மணி அம்மாவோடு ரோஜாத் தோட்டத்து வேலைக்குப் போகிறாளாம். காதலர் தினத்துக்குப் பூ அனுப்புகிற சீசன். "பதினாலு தாண்டுனா வந்துடுவா டீச்சர்" என்று பிள்ளைகள் சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

அதுவரை டேப் இருக்குமா?

சாயங்காலம் ஓசூர் பஸ்ஸில் என் போனிலேயே ருக்மணி பெயரில் அந்த ஆப்புக்குள் போனேன். எல்லார் பாஸ்வேர்டும் என்னிடம்தான் இருக்கிறது. பத்துக் கணக்கு. நாலைந்தைத் தப்பாகப் போடத்தான் நினைத்தேன். கை வரவில்லை. பதினோரு வருஷம் கணக்கு டீச்சர். தெரிந்தே தப்பான விடை மேல் விரலை வைக்க முடியவில்லை.

பத்துக்குப் பத்து. சிவப்பு பச்சையாகிவிட்டது.

ஜனவரி 30

இன்றும் பத்துக்குப் பத்து. பழகிவிட்டது, சீ.

பிப்ரவரி 6, வியாழன்

மதியம் போன் வந்தது.

கௌதம் சந்தோஷத்தில் கத்துகிறார். "மேடம், எங்க நாப்பது ஸ்கூல்லயும் ருக்மணிதான் ஃபர்ஸ்ட்! ஒரு தப்புகூட இல்ல! பதிமூணாம் தேதி நேர்ல வர்றோம். போர்டுல ஒரு கணக்கு போடச் சொல்லி வீடியோ எடுக்கணும்."

எச்.எம். வெங்கடப்பன் சார் இனிப்புக்குச் சொல்லிவிட்டார். "பொற்கொடி மேடம், உங்களாலதான் ஸ்கூலுக்கே பேரு." பாவம், ஒன்றும் தெரியாது. "அந்தப் பொண்ணு லீவுல இருக்குதில்ல?" என்று கேட்டார். வந்துவிடுவாள் என்றேன்.

வருகைப் பதிவேட்டில் ருக்மணி ஆப்சென்ட். டேப் கணக்கில் முதலிடம். யாராவது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்?

பிப்ரவரி 8, சனி

போன் அடித்தாலே தூக்கிவாரிப் போடுகிறது. மெமோ வரும். சஸ்பெண்ட் பண்ணுவார்கள். ஊரில் அப்பாவிடம் என்னவென்று சொல்வேன்? அப்படியென்ன கொலையா பண்ணிட்டேன்? கொலை இல்லடி, திருட்டுத்தனம். அதுவும் ஒரு குழந்தை பேர்ல.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூச விடுமுறை. ரோஜாத் தோட்டத்துக்குப் போனேன்.

பிளாஸ்டிக் கூரைக்கடியில் நீள மேசை. ருக்மணி நின்றபடி இருபது இருபது பூவாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தாள். நான்கு விரல்களில் பிளாஸ்திரி. என்னைப் பார்த்ததும் வகுப்பில் நிற்பதுபோல் விறைப்பாக நின்று, "வணக்கம் டீச்சர்" என்றாள்.

அவள் அம்மா சாந்தம்மா, "பூ நமக்காக நிக்குமா டீச்சர்? சீசன் முடியட்டும், அனுப்பறேன்" என்றாள்.

"ஒரே ஒரு நாள், சாந்தம்மா. பதிமூணாம் தேதி மட்டும்."

"ஒரு நாள்னா கூட்டிட்டுப் போங்க."

பஸ் தேன்கனிக்கோட்டை தாண்டிய பிறகுதான் உறைத்தது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பு என்று நான் கேட்கவே இல்லை. ஒரு நாள் கடன் கேட்டிருக்கிறேன்.

அந்தச் சிவப்பை அப்படியே விட்டிருந்தால், இந்தப் பிள்ளை எங்கே என்று கௌதமாவது கேட்டிருப்பார். நான்தான் பச்சையாக்கினேன். அதற்கப்புறம் அவளை யாரும் தேடவில்லை. வேலை போய்விடுமே என்று பயந்தது போக, இப்போது என்னைப் பார்த்தே பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் கேட்டருகே நிறுத்தி அவளிடம் சொன்னேன்: "யாரு என்ன கேட்டாலும் 'ஆமா சார்'னு சொல்லிடு." தலையாட்டினாள்.

கௌதம் போர்டில் ஒரு சதவீதக் கணக்கு எழுதினார். வீடியோ ஓடியது. ருக்மணி சாக்பீஸைப் பிடித்தபடி நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சர், இந்தப் பாடம் நடத்துனப்ப நான் இல்லீங்களே" என்றாள்.

கௌதம் சிரித்தார். "போன வாரம்கூட ஆப்ல இதே மாதிரி போட்டியேம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். கேட்டருகே சொன்னது நினைவு வந்துவிட்டது. கண் நிறைந்து, "ஆமா சார்" என்றாள்.

நான் போர்டருகே போனேன். "அவ போடல சார். எல்லாம் நான் போட்டது."

வீடியோவை யாரும் நிறுத்தவில்லை. எச்.எம். பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரி 17, திங்கள்

மெமோ வந்துவிட்டது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். டேப்களை இன்னும் மூன்று மாதம் இங்கேயே விட்டுப் பார்ப்பார்களாம், பாஸ்வேர்டு எல்லாம் இனி எச்.எம். வசம். அவர் என்னோடு பேசுவதில்லை. ஆனால் நேற்று, ஞாயிற்றுக்கிழமை, சாந்தம்மா வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

பிப்ரவரி 24, திங்கள்

விளக்கம் இன்னும் எழுதி முடியவில்லை. பயம் போகவும் இல்லை.

ருக்மணி இன்று டேப்பில் கணக்கு போட்டாள். பின்னால் நின்று பார்த்தேன். ஆறாவது கணக்கில் தப்பான விடைக்கு விரல் போனது. என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் கௌதம் போன். "மேடம், ருக்மணிக்குப் பத்துக்கு நாலுதான் வந்திருக்கு."

"ஆமா சார்" என்றேன். "அவளேதான் போட்டா."