நீ நிற்கிற ஊரின் பிறை

கொயிலாண்டி,
துல்கஅதா 22, வியாழக்கிழமை.

அன்பு மகள் ஜெஸீலாவுக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. படைத்தவன் காவலில் இங்கே எல்லோரும் நலம், நாக்பூர் குளிரில் நீயும் நலமாக இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன், மற்றதற்குப் பிறகு வருகிறேன். உன் அக்கா ருக்கியாவின் மூத்தவன் ஸாபிர் பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பில் தேறிவிட்டான், அவன் வகுப்பில் ஆறு பேருக்குத்தான் அது கிடைத்ததாம், வீட்டுக்கு வந்தவர்கள் கேட்காமலே நான் சொல்லிவிட்டேன். ருக்கியாவின் மகள் ரிஸானா ஜில்லா அறிவியல் கண்காட்சியில் மழை அளக்கும் குப்பி செய்துவைத்து முதல் பரிசு வாங்கினாள், யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்ட வாத்தியாரிடம் எங்கள் எளேம்மா, உம்மாவுடைய தங்கை, வானிலை ஆபீசில் இருக்கிறார் என்று சொன்னாளாம். உன் அண்ணன் உஸ்மானின் மகன் நிஹால் குர்ஆன் ஓதி முடித்தான், மத்ரஸாவில் அவன்தான் வயதில் சின்னவன், தெரு முழுக்க அல்வா கொடுத்தோம். ருக்கியாவின் கடைக்குட்டி தஸ்னிக்கு மூன்று வயதுதான், அவளும் சும்மா இல்லை, எளேம்மா எங்கே என்று யார் கேட்டாலும் விரலை மேலே நீட்டி ஆகாசத்துல வேலை பாக்குது என்கிறாள். இப்படி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போய்க் கடைசியில் நான் உன் பெயரில்தான் நிறுத்துவது வழக்கம். இந்தக் குடும்பத்தில் சம்பளக் கையெழுத்துப் போட்ட முதல் பெண் நீ. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நோன்புப் பெருநாள் முடிந்து ஐம்பது நாள் ஆகிறது, இத்தனை நாளும் போனில் பெருநாள் நல்லபடி நடந்தது உம்மா என்று சொல்லிவந்தாயே, அதுதான் எனக்கு முதல் குத்து. நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார், தப்பிருந்தால் திருத்து. இருபத்தொன்பதாம் நோன்பு செவ்வாய்க்கிழமை. நோன்பு திறந்த கையோடு நான் அடுத்த வீட்டுப் போனிலிருந்து உன் விடுதிக்குக் கூப்பிட்டு, காப்பாட்டுக் கடற்கரையில் பிறை கண்டாயிற்று, காழி உறுதி செய்துவிட்டார், நாளைக்குப் பெருநாள் என்று சொன்னேன். நீ உடனே உன் மேலதிகாரி கும்பாரே சாருக்குத் தகவல் கொடுத்து மறுநாளைக்கு லீவு எடுத்தாய். உன்னோடு வேலை பார்க்கும் லதிகா புதன்கிழமை விடியுமுன் ஸ்கூட்டரில் வந்து உனக்குப் பதிலாக மேல்காற்று அளக்கும் பலூனை விட்டாள். நீ குளித்து, புதுத் துணி உடுத்தி, மருதாணிக் கையோடு மோமின்புராப் பள்ளிவாசலுக்குப் போனால் அங்கே தொழுகையும் இல்லை, தக்பீர் முழக்கமும் இல்லை. நாக்பூரில் செவ்வாய் மாலை ஒரே மேகம், யாரும் பிறை காணவில்லை, ஊரே முப்பதாம் நோன்பில் இருக்கிறது. பள்ளிவாசல் பக்கத்தில் ஒரு கிழவி உன்னை நிறுத்தி, "என்ன பொண்ணே, நோன்பு நாள்ல அத்தரும் பூசிக்கிட்டு, வாயில ஏலக்காயும் மெல்லுறே? யாரு வீட்டுப் புள்ள நீ?" என்று கேட்டாளாம். அந்த இடத்தைப் படித்தபோது எனக்கே முகம் சுட்டது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் வியாழன்தான் அங்கே பெருநாள். நீ வேலையில் இருக்கிறாய், உங்கள் ஆபீஸ் டிரைவர் யூசுஃப் தூக்குச்சட்டியில் சேமியாப் பால் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுக்கிறார். கும்பாரே சார் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "ஒரே மதம், ஒரே ஆபீஸ். யூசுஃபுக்கு இன்னைக்குப் பெருநாள், உனக்கு நேத்தே முடிஞ்சுபோச்சா? ஆளுக்கு ஒரு பெருநாளா? லீவு வேணும்னா லீவுன்னு கேட்டிருக்கலாமே" என்றார். நீ வாய் திறக்கவில்லை. வாய் திறந்திருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும் மகளே. அதன்பின் லதிகா உன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, உனக்காகக் குளிரில் வந்தவள், ஏமாற்றிவிட்டாய் என்று நினைக்கிறாள். இப்போது உன் ஆறு மாத ரிப்போர்ட் மேலே போகிற சமயம், அன்று எடுத்த லீவுக்கு எழுத்தில் விளக்கம் கொடு என்று கேட்டிருக்கிறார். நீயோ எனக்கு எழுதுகிறாய், விளக்கம் கொடுக்கப்போவதில்லை, வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், இல்லை இங்கேயே இருந்தால் இனி எனக்குப் பெருநாளும் வேண்டாம் லீவும் வேண்டாம் என்று. இரண்டுமே கிடையாது. வேலையும் விடக்கூடாது, பெருநாளும் விடக்கூடாது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

பிழை என்னுடையது. இதை நான் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை, உன் கடிதம் வந்த அன்று முழுக்க நாக்பூர்க்காரர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், கண் தெரியாதவர்கள் என்றுகூடச் சொன்னேன். மறுநாள் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு நம் பள்ளிவாசலில் பிரசங்கம் செய்யும் கதீபின் வீட்டுக்குப் போய் அவர் மனைவி மூலமாகக் கேட்டேன். அவர் உள்ளிருந்தபடியே, "உம்மா, மகள் எந்த ஊர்ல நிக்கிறாளோ அந்த ஊர்க்காரங்களோடதான் நோன்பும் பெருநாளும். காப்பாட்டுப் பிறை காப்பாட்டுக்காரங்களுக்கு. ஒரு நோன்பு பாக்கி, அதை இன்னொரு நாள் பிடிச்சு வீட்டிடச் சொல்லுங்க" என்றார். நான் விடவில்லை, ஒரே நிலாதானே மேலே இருக்கிறது என்று கேட்டேன். "நிலா ஒண்ணுதான், நிக்கிற இடம் ரெண்டு" என்றார். திரும்பி வரும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அன்று போனில் நீ, இங்கே இன்னும் ஒன்றும் தெரியவில்லையே உம்மா என்று ஒரு தடவை சொன்னாய். நான் உன்னைப் பேசவிடாமல், காப்பாட்டுல கண்டது போதாதா உனக்கு, நாலு மாசம் வெளியூர்ல இருந்ததும் பெரியாளாகிட்டியா என்று அதட்டினேன். நீ அடங்கிவிட்டாய். அடங்காமல் இருந்திருக்கலாம்.

இந்தச் செவ்வாய் மாலை உஸ்மானையும் ருக்கியாவையும் உட்காரவைத்து உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மறைத்துவைக்கிற வயது எனக்குப் போய்விட்டது. உஸ்மான் கேட்டுவிட்டு முதலில் சிரித்தான். "இந்தியாவுக்கே மழை சொல்றவளுக்குத் தலைக்கு மேல பிறை இருக்கா இல்லையான்னு தெரியல பாரு" என்றான். ருக்கியா சும்மா விடுவாளா, "நீ வருஷா வருஷம் கடற்கரைக்குப் போறியே, ஒரு தடவையாவது கண்டிருக்கியா? சுண்டல் தின்னுட்டுத்தானே வர்றே" என்று கேட்டாள். அப்புறம் உஸ்மான் நிஜமாகவே பேசினான். ஒன்று, காய்ச்சல் என்று டாக்டர் சர்டிபிகேட் வாங்கி அனுப்புகிறேன், அதைக் கொடுத்துவிடட்டும் என்றான். அது நடக்காது என்றேன். பெருநாளுக்காக எடுத்த லீவைப் பொய்யால் காப்பாற்றினால் அந்தப் பெருநாளுக்கு என்ன மரியாதை? நீ அன்று பொய் சொல்லவில்லை, இப்போது சொன்னால் கும்பாரே சார் நினைத்தது சரியாகிவிடும். அடுத்து, அப்படியானால் ராஜினாமா செய்துவிட்டு வரட்டும், வடகரையிலிருந்து ஒரு வரன் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு வேலைக்குப் போகிற பெண் பிடிக்காது, எல்லாம் ஒரே நேரத்தில் முடியும் என்றான். உன் அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உப்பா போனபின் உங்கள் எல்லோரையும் தோளில் சுமக்கிறவன், சீக்கிரம் இறக்கிவைக்கப் பார்க்கிறான். ஆனாலும் நான் எழுந்து நின்று சொன்னேன், அவள் வேலையில்தான் இருப்பாள், இதைப்பற்றி இந்த வீட்டில் இனிப் பேச்சில்லை என்று. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். மறுநாள் மீன் வாங்கி வந்தான், கோபம் போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன்.

ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று நீ கேட்கலாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று உனக்குத் தெரியும், எதனால் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. எனக்குக் கல்யாணமும் வரவில்லை, வீட்டில் தடையும் இல்லை. அந்த வருஷம் முழுப் பரீட்சையின் கணக்குத்தாள் பெருநாளன்று வந்தது. நான் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். பள்ளிக்கூடம் திறந்ததும் போனேன், தாள் எழுதாதவள் தோற்றவள் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். அவர் நல்ல மனிதர், முன்னாலேயே எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் போய், பிள்ளைக்கு அன்று பெருநாள், வேறு நாள் வைத்துக் கொடுங்கள் என்று சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார், வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்தார். எங்கள் வீட்டில் யாருக்கும் போய்ச் சொல்லத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தோற்ற பெண்ணை மறுபடி அதே வகுப்புக்கு எதற்கு அனுப்புவது என்று நிறுத்திவிட்டார்கள். பெருநாள் என் படிப்பைக் கெடுக்கவில்லை மகளே, வாயைத் திறக்காமல் இருந்ததுதான் கெடுத்தது. அதே காரியத்தை நீ இரண்டாம் தடவை செய்ய நான் விடமாட்டேன்.

இனி நீ செய்ய வேண்டியது. முதலில் லதிகாவிடம் போ. ஆபீஸுக்கு முன்னால் அவள். நடந்ததை நடந்தபடி சொல், மோமின்புராக் கிழவி கேட்டதையும் சொல், அவள் சிரித்துவிட்டால் பாதி சரியாகிவிடும். அவர்களுக்கு ஹோலி வரப்போகிறது இல்லையா, அன்று விடியற்காலை முறை யாருடையதாக இருந்தாலும் நீயே கேட்டு எடுத்துக்கொள், லதிகா வீட்டில் பிள்ளைகளோடு இருக்கட்டும். கைம்மாறு என்று சொல்லிக் கொடுக்காதே, சும்மா எடுத்துக்கொள். பிறகு விளக்கம். நீளமாக எழுதாதே, மன்னிப்புப் பாட்டும் பாடாதே. எங்கள் பெருநாள் பிறையைப் பொறுத்தது, என் சொந்த ஊரில் ஒரு நாள் முன்னால் பிறை கண்டார்கள், என் உம்மா சொன்னதை நம்பி அந்த நாளுக்கு லீவு எடுத்தேன், நான் இருக்கும் ஊரில் விசாரிக்காதது என் தவறு, இனி இந்த ஊர்க் கணக்கின்படி கேட்பேன், இவ்வளவுதான். உம்மா சொன்னாள் என்று எழுத வெட்கப்படாதே, அது உண்மை. நம்பாவிட்டால் யூசுஃபைக் கேட்கச் சொல், கேரளத்தில் ஒரு நாள் முந்திவருவது வண்டியோட்டுகிற அவருக்குத் தெரியாமல் இருக்காது. அதற்குப் பிறகும் ரிப்போர்ட்டில் ஏதாவது எழுதினால் எழுதட்டும், நீ நேராக நின்றாய் என்பது எழுதாமலே தெரியும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இந்தச் சிக்கலே இல்லை, அதற்குப் பிறை பத்து நாள் முன்னாலேயே தெரிந்துவிடும். இந்தக் கடிதம் கைக்கு வரும்போது பிறைக்கு இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். பிறைக்கு மறுநாள் யூசுஃபைக் கேள், மோமின்புராவில் என்ன தேதி முடிவாயிற்று என்று. அந்தத் தேதியை அன்றைக்கே காகிதத்தில் எழுதி கும்பாரே சார் கையில் கொடு, அத்தனை நாள் முன்னால் கேட்ட லீவை யாரும் சந்தேகப்பட முடியாது. ஒரு நாள் முழுக்கக் கிடைக்காவிட்டாலும் தொழுகை முடியும்வரை கேள், தொழுதுவிட்டு வந்து பலூன் விடுகிற சாயங்கால முறையை எடுத்துக்கொள். எனக்காகக் காத்திருக்காதே. இந்தத் தடவை நான் போன் செய்து பிறை சொல்லமாட்டேன், அடுத்த வீட்டு அம்மாளிடமும் சொல்லிவைத்துவிட்டேன், நான் ஆசைப்பட்டு வந்தாலும் போனைக் கொடுக்காதே என்று. நீதான் எனக்கு எழுத வேண்டும், உன் ஊரில் என்றைக்குப் பெருநாள் என்று.

நம் ஊரில் ஒரு நாள் முந்தி வந்தால் நாங்கள் அன்று தொழுவோம், குர்பானி இறைச்சியும் அன்றே கொடுத்துவிடுவோம், மற்ற வீடுகளுக்குப் பங்கு போய்விடும். பிரியாணிச் செம்பு மட்டும் அடுப்பில் ஏறாது. குர்பானி நாட்கள்தான் மேலும் மூன்று இருக்கின்றனவே, உன் ஊர்ப் பெருநாளன்று ஏற்றுவோம், நீ பள்ளியிலிருந்து வந்து வாய் வைக்கிற நேரத்தில் நாங்களும் வைப்போம். உஸ்மானிடம் சொன்னதும் முதல் நாள் முழுக்க எதைத் தின்பதாம் என்றான். கஞ்சி குடி என்றேன். ருக்கியாவின் மாப்பிள்ளையும் இரண்டாம் நாள்தான் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

அல்லாஹ் உன் கால் நிற்கிற இடத்தை உறுதியாக்கிவைக்கட்டும், மேலதிகாரியின் மனதில் உன்னைப்பற்றி நல்லதைப் போடட்டும், லதிகாவையும் அவள் பிள்ளைகளையும் நன்றாக வைக்கட்டும். பாக்கியிருக்கும் நோன்பை மறக்காதே, அடுத்த வியாழக்கிழமை பிடி, அதே நாள் நானும் பிடிக்கிறேன், பிழையில் பாதி என்னுடையது. விடியற்காலையில் வெளியே நிற்கும்போது காதை மூடிக்கொள்.

இன்னொன்று. உன் புதுப் படம் ஒன்று வேண்டும். அண்ணன் வரன்காரர்களுக்குக் கொடுக்க எடுத்துவைத்திருப்பது நீ கல்லூரியில் தலை குனிந்து நிற்கிற படம், அதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஆபீஸ் உடையில், கையில் அந்தப் பெரிய பலூனைப் பிடித்துக்கொண்டு, விடுவதற்கு முன்னால் நேரே பார்த்து நில், லதிகாவை எடுக்கச் சொல். மடங்காமல் அட்டைக்குள் வைத்துத் தபாலில் அனுப்பு. இந்த வீட்டுக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் இனி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

துஆவுடன்,
உன் உம்மா
குஞ்ஞாமினா