லீவில் விட்ட மாத்திரை

தாயில்பட்டி,
8.10.1968

அன்புள்ள மாமாவுக்கு, வேலுத்தாய் எழுதுவது.

அண்ணன் வீட்டுக்கு வந்து இருபது நாளாகிறது. நீங்கள் ஒரு வரி போடவில்லை. சோறு யார் பொங்கித் தருகிறார்கள்?

கோபித்துக்கொண்டு வந்துவிட்டதாக ஊர் பேசும். எனக்குக் கோபமில்லை. ஆனி மாதத்திலிருந்து நீங்கள் சுவரைப் பார்த்துத்தான் படுக்கிறீர்கள். தூக்கத்தில் கத்துகிறீர்கள். கையைத் தொட்டால் பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருக்கிறது, உடனே இழுத்துக்கொள்கிறீர்கள். கல்யாணமான இந்த மூன்று வருஷத்தில் இப்படி இருந்ததில்லை. "உம் புருசனுக்கு வேற எங்கனயும் பந்தி போடுறாகளோடி?" என்று அண்ணி கேட்கிறாள். பெரியவர்களை வைத்துக் கல்யாணத்தைத் தீர்த்துவிடலாம் என்கிறார் அண்ணன்.

வேறு ஒருத்தி உண்டென்றால் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.

வேலுத்தாய்

*

அச்சங்குளம்,
14.10.1968

பிரியமுள்ள வேலுத்தாய்க்கு,

வேறு ஒருத்தி இல்லை. சாப்பாடு பட்டாசுக் கம்பெனி வாசல் கிளப்புக் கடையில். பதில் போடாததற்குக் காரணம் வெட்கம்தான்.

நேற்று முன்தினம் மதுரைக்குப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மார்வலிக்கு ஆனியில் அவர் கொடுத்த சீமை மாத்திரையின் வேலையாம். இருதயத்தை ஓடவிடாமல் நடக்க வைக்கிற மருந்து அது. அதனால் கை கால் சில்லிடும், உடம்பு ஓயும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், கெட்ட கனவு வரும். "சிலருக்கு வீட்டுக்காரியோட சேந்து இருக்கவும் ஏலாமப் போகும்" என்றார். எம்புட்டு நாளைக்கு என்று கேட்டேன். இருக்கிற வரைக்கும் என்றார். மார்வலி நின்றதும் இதனால்தானே.

தீபாவளி முடிந்து கம்பெனி பதினான்கு நாள் லீவு. வேலை செய்யாத உடம்புக்கு வலி ஏது? அந்த நாட்களில் மட்டும் மாத்திரையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். டாக்டரிடம் இதைக் கேட்கவில்லை.

நாகையா

*

தாயில்பட்டி,
18.10.1968

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அண்ணியிடம் சொன்னால், "மாத்திரை மேல பழியப் போடுறாரா? கெட்டிக்காரருதான்" என்று சிரிக்கிறாள். அவள் வாயை அடைக்கவாவது வாருங்கள். உங்கள் யோசனை நல்ல யோசனை. கம்பெனிக்கே லீவு என்றால் மாத்திரைக்கும் லீவுதான். அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சேவல் ஒன்றை விற்காமல் வைத்திருக்கிறேன்.

உங்கள் வேலுத்தாய்

*

மதுரை, ஆஸ்பத்திரி,
11.11.1968

பிரியமுள்ள வேலுத்தாய்க்கு,

எட்டு நாள் உன்னோடு இருந்தேன். என் கை சுடுகிறது என்று நீதான் முதலில் சொன்னாய். ஆறாம் நாள் கிணற்றடியில் லேசாக வலித்தது. உன்னிடம் மறைத்தேன்.

கம்பெனி திறந்த திங்கட்கிழமை, பூஜை முடிந்து வெடிமருந்து சலித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சில் பாறையை ஏற்றியதுபோல் வலி வந்தது. சல்லடையோடு விழுந்திருந்தால் அறையிலிருந்த ஐந்து பேரும் போயிருப்போம். கூடச் சலிக்கிற சோலைச்சாமி பாய்ந்து சல்லடையைப் பிடித்தான். "ஏலே, சாகுறதுன்னா வெளிய போய்ச் சாவுலே!" என்று கத்தினான். கத்திக்கொண்டே என்னைத் தூக்கியும் வந்தான்.

டாக்டர் திட்டினார். இந்த மாத்திரையை ஒரேயடியாக விட்டதால்தான் வலி இப்படித் திரும்பியிருக்கிறது என்கிறார். குறைப்பதானாலும் சிறுகச் சிறுகக் குறைக்கவேண்டுமாம். இப்போது முன்னைவிட இரட்டிப்பு கொடுக்கிறார். விரல்கள் மறுபடி சில்லிட்டுவிட்டன. வெடிமருந்து அறைக்கு இனி விடமாட்டார்கள். வாட்ச்மேன் வேலை தருவார்கள்.

யோசனை என்னுடையது. சரி என்றதற்காக நீ மனம் நோகாதே.

நீ என்னோடு இருந்தால் என்றைக்காவது மாத்திரையை மறுபடி விடுவேன். எனக்கு என்னைத் தெரியும். விட்டால் சாவேன். விடாவிட்டால் உனக்குப் பிள்ளை இல்லை, பக்கத்தில் படுக்கிற ஒரு ஆள் மட்டும்தான். உனக்கு இருபத்துமூன்று வயது. 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருப்பேன். பெரியவர்களை அழைத்துவரும்படி அண்ணனிடம் சொல். தீர்த்துவிட நான் சம்மதிக்கிறேன். நீ வரவேண்டாம்.

இங்கே நர்சம்மா நாடி எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். மனசு பதறினால் எண்ணிக்கை ஏறுமாம். இந்தக் கடிதத்தைத் தொடங்குமுன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஒரு நிமிஷத்துக்கு ஐம்பத்திரண்டு. உன் பெயரை எழுதி, மேலே உள்ள எல்லாவற்றையும் எழுதி முடித்து, இப்போது மறுபடி எண்ணினேன்.

ஐம்பத்திரண்டு.

நாகையா