ஒரே ஒரு ‘இல்லைங்க’

செவ்வாய், இரவு

ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வீடியோ கால். புதிதாக எடுக்கும் ஆயுள் பாலிசிக்கு விவரம் சரிபார்க்கிற பெண். பக்கத்தில் சுதா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“சார், ஸ்மோக் பண்ற பழக்கம் இருக்கா?”

“இல்லைங்க. எப்பவுமே கிடையாது.”

உண்மையைச் சொன்னால் பிரீமியம் ஏறிவிடும், அவ்வளவுதான் காரணம். தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி, டீக்கடையில் ஒரு சிகரெட் பிடிக்காமல் நான் வீடு வந்ததில்லை. அப்புறம் வாயில் ஒரு புதினா மிட்டாய். சுதாவுக்கு எல்லாம் தெரியும். இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இன்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

“உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா அந்தப் பணத்துக்கு நான்தானே போய் நிக்கணும்? புருஷன் சிகரெட் பிடிப்பாரான்னு விசாரிப்பாங்க. நானும் இல்லைன்னுதான் சொல்லணுமா?”

“அதெல்லாம் யாரு கேக்கப் போறா?”

“கேட்டா? அழுதுகிட்டே பொய் சொல்ல எனக்கு வராதுங்க.”

கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவளைக் கூப்பிட்டு ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். புதினா வாசனைதான் வந்தது.