அம்மா இறங்காத தண்ணீர்

அன்புள்ள ஐயா,

நீங்கள் உயிரோடு இருந்தபோது இந்த "அன்புள்ள" என்ற சொல்லை நான் உங்களுக்கு எழுதியதில்லை. கொழும்பில் படிப்பித்த காலத்தில் எழுதிய கடிதங்களெல்லாம் "மதிப்புக்குரிய ஐயாவுக்கு" என்றுதான் தொடங்கும். பதில் எழுதும்போது என் எழுத்துப் பிழைகளைத் திருத்தி அனுப்புவீர்கள். இனித் திருத்த ஏலாது. ஆகவே எழுதுகிறேன்.

நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. சபையின் ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி போதகர் வீட்டுக்கே வந்து கேட்டார். "மாஸ்டர், உங்களைப்போல எழுத எங்களுக்கை ஆர் இருக்கினம்? ஐயாவின்ரை விசுவாசத்தைப் பற்றி எழுதுங்கோ" என்றார். எழுதுகிறேன் என்று சொன்னேன். அவர் எதிர்பார்ப்பது இதை அல்ல. மலரில் போடாவிட்டால் பத்திரிகைக்குக் கொடுப்பேன்.

சாவதற்கு நான்கு நாளைக்கு முன் நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், முன் அறைக் கட்டிலில் படுத்திருந்தீர்கள். "தம்பி, அம்மா கடைசியிலை ஏதும் சொன்னவவோ?" என்று கேட்டீர்கள். அம்மா செத்துப் பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு கேட்ட கேள்வி. அவ போனபோது பக்கத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

"ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.

"ஒரு சொல்லும்?"

"இல்லை ஐயா."

அது பொய். அந்தப் பொய்யைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன், அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் கேட்கவேண்டும். நீங்கள் எப்போதும் மற்றவர்களுக்கு வசனம் சொல்லிவிட்டு எழும்பிப் போகிறவர். இந்தமுறை எழும்பிப் போக ஏலாது.

ஊரெல்லாம் தனிச் சிங்களச் சட்டத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த ஐம்பத்தாறாம் ஆண்டில் நீங்கள் வேறொன்றைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினீர்கள். நில அளவையாளர், சண்டிலிப்பாயில் வேலிச் சண்டை வந்தால் இரண்டு பக்கமும் நம்பிக் கூப்பிடுகிற மனிதர், நாற்பத்தைந்து வயதில் ஒரு வெள்ளைக்காரப் போதகரின் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து, "நான் இண்டைக்குத்தான் பிறந்தனான்" என்றீர்கள். அம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்து, "அப்ப நான் ஆரைக் கட்டினனான்?" என்று கேட்டா.

மாமா அதைவிட மோசம். அம்மாவின் தமையன் அல்லவா, உங்களைப் பகிடி பண்ண அவருக்குச் சலிக்காது. "மருத்துவிச்சியைக் கூப்பிடுங்கோ, மச்சான் பிறந்திட்டார்" என்று படலைக்குள்ளேயே சத்தம் போட்டுக்கொண்டு வருவார். நீங்கள் ஞானஸ்நானம் எடுக்க ஊருக்குப் பக்கத்து ஆழமில்லாத பரவைக்கடலில் முழுகப்போகிற கிழமை உங்களைப் பிடித்துக்கொண்டார்.

"கீரிமலைத் தீர்த்தத்திலை முழுகினால் பாவம் போகாதெண்டு சொல்லுறீர். உம்மடை பரவைக்கடல்லை முழுகினால் மட்டும் போகுமோ?"

"அதிலையும் போகாது" என்றீர்கள்.

"பிறகேன் அந்தச் சேத்துக்கை இறங்கிறீர்?"

"பிள்ளை பிறந்தாப் பிறகுதானே பதியிறனீர்? பதிஞ்சதாலையே பிள்ளை பிறந்தது? உள்ளுக்கை நடந்ததுக்குத் தண்ணி சாட்சி. அவ்வளவுதான்."

எனக்குப் பெருமையாக இருந்தது. ஐயா, அந்த வயதில் உங்களுடைய மதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நீங்கள் அதைச் சொன்ன விதம் பிடித்திருந்தது.

பிறகு ஜெபவீட்டுச் சுவரில் மாட்டுவதற்கென்று சபையின் விசுவாச அறிக்கையை இங்கிலீசிலிருந்து தமிழாக்கினோம். நான் சொல்லச் சொல்ல, நீங்கள் வரைபடத்துக்கு எழுதுகிற அதே அச்செழுத்தில் எழுதினீர்கள். வேதம் ஒன்றே அதிகாரம், மனிதக் கட்டளைக்கு இடமில்லை. மனிதன் பிறப்பிலேயே பாவி. கிரியையால் அல்ல, கிருபையால், விசுவாசத்தினால் மட்டுமே மீட்பு. விசுவாசித்தவனுக்கே ஞானஸ்நானம், குழந்தைக்கு இல்லை, தெளிப்பதும் இல்லை, முழுக்குத்தான். அப்படி முழுகியவர்களுக்கே கர்த்தருடைய பந்தி. ஒருமுறை மீட்கப்பட்டவன் ஒருபோதும் இழந்துபோகான். விசுவாசியாமல் இறந்தவனுக்கு முடிவில்லாத ஆக்கினை.

அம்மா பக்கத்தில் பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தா. கடைசி வரி வந்ததும் கை நின்றது.

"உங்கடை தகப்பனார் நல்ல மனுசன். உதொண்டும் கேள்விப்படாமலே செத்தவர். அவருக்கு என்ன?"

"வேதத்திலை உள்ளதைத்தான் எழுதுறன். இது என்ரை சொல்லில்லை."

"கையெழுத்து உங்கடைதானே" என்றா அம்மா.

நீங்கள் பேனையைத் துடைத்துவிட்டு அடுத்த எழுத்தை எழுதினீர்கள். எழுத்து அசையவே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி என்னுடைய பங்கு. சபையில் சேருகிறவன் தான் மறுபடி பிறந்த நாளை எல்லாருக்கும் முன்னால் சாட்சி சொல்லவேண்டும். தகப்பன் விசுவாசி என்பதால் மகன் விசுவாசி ஆக முடியாது. ஒருவருக்காக இன்னொருவர் விசுவாசிக்க முடியாது. இதுவும் நான் தமிழாக்கிய வரிதான். எனக்கு அப்படியொரு நாள் இருக்கவில்லை. ஆனால் என்ன சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். புத்தூருக்குப் பஸ்ஸில் போகும்போது என் பாவம் எனக்குத் தெரிந்தது என்றும், வெயிலில் நின்ற புகையிலைத் தோட்டங்களைப் பார்த்தபடி அழுதேன் என்றும், இறங்கும்போது வேறு ஆளாக இறங்கினேன் என்றும் சொன்னேன். நன்றாகச் சொன்னேன். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். எல்லாரும் கையுயர்த்தி என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நீங்கள் வந்து என் கையைப் பிடித்தீர்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நீங்கள் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான்.

அந்தக் கைக்காகத்தான் நான் அந்தத் தண்ணீரில் இறங்கினேன் ஐயா. நடந்து நடந்து போனாலும் முழங்காலுக்கு மேல் வராத பரவைக்கடல். முழுக்குவதற்கு என்னைத் தண்ணீருக்குள் உட்காரச் சொல்லி, போதகரும் குந்தவேண்டி வந்தது. எழும்பும்போது வாயெல்லாம் உப்பும் சேறும். கரையில் அம்மா துவாயோடு நின்றா. என் தலையைத் துவட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டா: "தம்பி, அந்தப் பஸ்ஸிலை நடந்தது உண்மையே?"

"ஓம் அம்மா."

பிறகு அவ கேட்கவில்லை.

பதினொரு வருடம் ஒரு ஞாயிறு விடாமல் அவ உங்களோடு ஜெபவீட்டுக்கு வந்தா. வந்து போகிற போதகர்மார் எல்லாருக்கும் சமைத்துப் போட்டா. நீங்கள் சாமிப் படங்களைக் கழற்றியபோது ஒரு சொல் சொல்லவில்லை. பந்தி நாளில் ரொட்டித் தட்டு அவவைத் தாண்டிப் போகும். மடியில் கையை வைத்துக்கொண்டு இருப்பா. சாட்சி சொல்லும்படி எத்தனை பேர் கேட்டார்கள்! ஒரே பதில்தான்: "எனக்கு அப்பிடி ஒரு நாள் இன்னும் வரேல்லை. வந்தால் சொல்லுறன்." அவவுக்குப் பிடிவாதம் என்று நீங்கள் சபையாரிடம் சொன்னீர்கள். எனக்குப் பின்னால் இருந்து அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தா.

பிறகு அவவுக்கு வயிற்றில் நோய் வந்தது. ஒரு புதன்கிழமைப் பின்னேரம் அவவுக்காக மன்றாட நீங்கள் ஜெபவீட்டுக்குப் போயிருந்தீர்கள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேரம் மட்டும் கேட்டீர்கள்.

சபையின் மயானக் காணியை அளந்து எல்லை போட்டவர் நீங்கள். அங்கத்தவர்களுக்கு மட்டும் என்ற விதியை எழுதியவரும் நீங்கள். அன்றைக்கு இருந்த போதகரே மனமிரங்கி, "அண்ணை, ஒரு மூலையிலை வைப்பம். ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்றார். "சட்டம் எனக்கும்தான்" என்றீர்கள். மாமாதான் அம்மாவைச் சண்டிலிப்பாய்ச் சுடலைக்குக் கொண்டுபோனார். ஒரே மகன் நான் கொள்ளி வைத்தேன். நீங்கள் உள்ளே வராமல் றோட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். மழை இல்லை, வெயிலும் இல்லை. எதற்குக் குடை என்று மாமா என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. முகத்தை மறைக்கவா ஐயா?

மூன்று கிழமைக்குப் பிறகு, அந்நிய சடங்கு செய்ததற்காக என்னை ஆறு மாதம் பந்தியிலிருந்து விலக்கவேண்டும் என்று சபைக் கூட்டத்தில் முன்மொழிந்ததும் நீங்கள். பெயரை மட்டும் வெட்டவில்லை. மீட்கப்பட்டவன் இழந்துபோகான், திருத்தப்படுவான் என்று விளக்கம் சொன்னீர்கள். பொய் சொல்லி உள்ளே வந்தவன் உள்ளேயே இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன் என்றவளுக்கு ஆறடி மண் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். "ஏதும் சொன்னவவோ" என்று நீங்கள் கேட்டபோது தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தீர்கள். கடைசி மூச்சிலாவது அவ கர்த்தருடைய பெயரைச் சொல்லி அழைத்தாவா என்று அறியத்தான் கேட்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்குச் சந்தோசமாக இருந்தது. எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோசமாகத்தான் இருந்தது.

அம்மா சொன்னது இதுதான். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"அவர் கேட்டால் சொல்லு. கேக்காட்டில் சொல்லாதை. நான் உந்தத் தண்ணிக்குள்ளை இறங்காதது வீம்பிலை இல்லை. ஆருக்காகவும் ஆரும் நம்ப ஏலாதெண்டு அவர்தானே எழுதினவர். அவருக்காக இறங்கினால் அவரை ஏமாத்தினதெல்லோ? அவரின்ரை கடவுளோடை எனக்குக் கோவம் இல்லை. ஒவ்வொருநாளும் கதைக்கிறனான். இன்னும் மறுமொழி வரேல்லை, அவ்வளவுதான்."

பிறகு தண்ணீர் கேட்டா. கொடுத்தேன். பாதிதான் உள்ளே போனது.

அவ்வளவுதான் ஐயா. சுவரில் நீங்கள் எழுதிய வரிகளை அந்தச் சபையில் எழுத்துப் பிசகாமல் நம்பிய ஒரே ஆள் அவதான். ஒவ்வொரு நாளும் உங்கள் கடவுளோடு கதைத்தவளை நீங்கள் எந்த வரிக்குள் போடுவீர்கள்? விசுவாசி என்பீர்களா, இல்லையென்பீர்களா? அந்தக் கடைசி நான்கு நாளும் இந்தக் கேள்வியாவது உங்களுக்குத் துணையாக இருந்திருக்கும். அதையும் நான் தரவில்லை. நீங்கள் கேட்கப் பதின்மூன்று வருடம் எடுத்தது; நான் மறுக்க ஒரு நிமிடம் எடுத்தது. இரண்டில் எது பெரிய பாவம் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. ஆனால் பாவத்தைச் சபைக்கு முன்னால் அறிக்கையிடவேண்டும் என்று சொல்லித் தந்தவர் நீங்கள். வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு அங்கத்தவர் கூட்டம். எழும்பி நின்று சொல்வேன்: புத்தூர் பஸ்ஸில் எதுவும் நடக்கவில்லை. சன்னலோரம் இடம் கிடைத்தது, நித்திரை கொண்டேன். மீட்கப்பட்டவன் இழந்துபோகான் என்று போதகர் சொல்வார். இழப்பதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை என்பேன். கையுயர்த்திச் சேர்த்தவர்கள் கையுயர்த்தியே என் பெயரை எடுக்கட்டும். அம்மா சொன்னதையும் அங்கே சொல்வேன். இன்னாருடைய மனைவி என்று அல்ல, அவவின் பெயரைச் சொல்லியே சொல்வேன்.

நீங்கள் எழுதியவை சரியென்றால், அம்மா இல்லாத ஓரிடத்தில் இருந்துகொண்டு, நானாவது வருவேன் என்று நம்பிப் பார்த்திருப்பீர்கள். அந்த நம்பிக்கையை உங்களுக்குத் தந்தது என் பொய். இன்றோடு அதைத் திரும்ப எடுக்கிறேன். அம்மா காத்திருந்த அந்த ஒரு நாள் எனக்கும் என்றைக்காவது வந்தால், முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன். வராவிட்டால், பொய் சொல்லிக்கொண்டு உங்களிடம் வரமாட்டேன். இது உறுதி.

அம்மா சொல்லிவிட்டதைப் பிந்திக் கொண்டுவந்து சேர்க்கிற,
உங்கள் ஒரே மகன்