காப்பித்தூள் விற்கப் போனேன்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
புதன்கிழமை, 12 ஆகஸ்ட் 1931

அன்புள்ள தையல்நாயகிக்கு,

நான் சுகம். அப்பாவின் மூச்சிரைப்பு தணிந்ததா? நீ வேளைக்குச் சாப்பிடு.

ஒரு செய்தி, பதறாதே. கப்பல் கம்பெனி வேலையைப் போன வாரம் விட்டுவிட்டேன். காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறேன். இங்கே சர்க்கரை சேர்த்துக் கருக வறுத்த தூள்தான் கிடைக்கிறது. நம் ஊர்க் காப்பிக்கு ஒரு கடை போடலாம் என்று அறை நண்பர்களும் நானும் இரண்டு வருஷமாகப் பேசினோம். என் குரலே எனக்குச் சலித்துவிட்டது.

இன்று பொட்டலங்களோடு பழைய ஆபீசுக்கே போனேன். தலைமைக் குமாஸ்தா அருளப்பர் ஒன்றை முகர்ந்தார்.

“பி.ஏ. படிச்சது இதுக்குத்தானா தம்பி? தீஞ்ச வாடை அடிக்குதே.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவரும் வாங்கவில்லை. அருளப்பர் மட்டும் வாசல்வரை கூட வந்து, மெதுவாகச் சொன்னார்: “உன் நாற்காலி வெள்ளிக்கிழமை வரைக்கும் காலி. அப்புறம் துரை வேற ஆளைப் போட்டுடுவாரு. ஊரெல்லாம் கம்பெனிக்காரன் ஆளைக் குறைக்கிறான் லா. யோசி.”

யோசித்தேன். பயமாகத்தான் இருக்கிறது. தை மாதம் உன்னை இங்கே அழைத்துக்கொள்வதாகச் சொன்னது தள்ளிப்போகலாம். ஆனாலும் அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போகமாட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

அப்பாவிடம் இப்போது சொல்லாதே. நான் செய்தது சரியா தவறா என்றும் எழுதாதே. கொட்டை எந்த நிறத்துக்கு வந்ததும் அடுப்பிலிருந்து இறக்குவாய், அதை மட்டும் எழுது. இங்கே கேட்க எனக்கு யாருமில்லை.

தபால் கட்டும் நேரம். நிறுத்துகிறேன்.

உன்
சிதம்பரநாதன்