மார்கழியில் குறைந்த மைலேஜ்

மார்கழி 14, திங்கள்

பனி. ஆறேகாலுக்கு வண்டித் திரையில் வெளியே பதினேழு டிகிரி. தெருவில் எல்லோர் தலையிலும் மங்கி கேப்.

வாங்க வேண்டியவை: கொத்தமல்லி, விக்ஸ், தையல் மிஷின் ஊசி, இவருக்கு முட்டித் தைலம். போன வாரம்தான் வாங்கினேன். அதற்குள் தீர்ந்துவிட்டதாம்.

மார்கழி ஒன்றிலிருந்து மைலேஜ் சராசரி 18.1. ஐப்பசியில் 22.4. ஹைபிரிட் வண்டி, பெட்ரோலும் பேட்டரியும் மாறி மாறி இழுக்கும், இருபத்திரண்டுக்குக் குறையவே குறையாது என்று வாங்கும்போது சிங்காநல்லூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் இவர். இப்போது குறைந்ததற்குக் காரணத்தையும் இவரே கண்டுபிடித்துவிட்டார். நான்தான் காரணம்.

"உன்ற கால் வெயிட்டு அம்மணி. பெடல்ல வெச்சா எடுக்கவே மாட்டேங்கற."

நாற்பத்தொன்பது வயதில் ஓட்டக் கற்றவள் நான். இரண்டு வருடமாக மில்லுக்குப் போக ஒன்பது, வர ஒன்பது கிலோமீட்டர். ஒரு கீறல் கிடையாது. அதற்கு முன்னால் இருபது வருடம் மில் வேன். அஞ்சரைக்கே தெரு முக்கில் போய் நிற்க வேண்டும். ஊரெல்லாம் சுற்றி ஏழுக்கு இறக்கிவிடுவான். இப்போது ஆறேகாலுக்குக் கிளம்புகிறேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு எனக்குப் பிடித்த பாட்டைச் சத்தமாகப் பாடிக்கொண்டு போகிறேன். யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் ஓசூரிலிருந்து மகன் பிரபு போன். பொங்கலுக்கு வருகிறான். அவனுக்கு ஒரு கார் வேண்டுமாம். இவர் என் எதிரிலேயே: "பொங்கலுக்குள்ள இருபத்திரண்டு வருதான்னு பாப்பங் கண்ணு. வரலீன்னா நீயே ஓட்டிட்டுப் போயிரு. உங்கம்மா வேன்ல போயிக்குவா."

நான் என்ன அடுக்களைப் பாத்திரமா, கேட்காமல் இடம் மாற்ற? வந்த கோபத்துக்கு ரசத்தில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன். குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

சரி. பார்த்துவிடலாம். பதினேழு நாள் இருக்கிறது.

மார்கழி 15, செவ்வாய்

பனி. 18 டிகிரி. மில் லேபில் நூல் சோதனை எல்லாம் சரி. ஒரே ஒரு பேட்சில் கவுண்ட், அதாவது நூலின் தடிமன், ஏறி இறங்கியது. திருப்பி அனுப்பினேன். சூப்பர்வைசர் முகம் சுண்டியது. சுண்டட்டும்.

மதியம் லேப் கூட்டாளி ஜோதிமணியோடு போனில் வீடியோக்கள். எவனோ பனி கொட்டுகிற ஊர்க்காரன், இடுப்பளவு பனியில் நின்று பேசுகிறான். புரிந்தவரை:

— குளிரில் இன்ஜின் சூடாகும்வரை பேட்டரிக்கு மாறாது. பெட்ரோலைத்தான் குடிக்கும்.
— சின்னச் சின்னத் தூரம் ஆகவே ஆகாது. சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிடுகிறோம்.
— ஹீட்டர் போட்டால் இன்ஜின் அணையாது.
— டயரில் காற்று குறையும்.

ஜோதிமணி: "ஏனக்கா, அவனுக்கு மைனஸ் இருபது. நமக்குப் பதினெட்டு. இதுக்கெல்லாமா வண்டி மெனக்கெடும்?"

மெனக்கெடுகிறதே! ஒன்று முடிவு செய்தேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். லேபில் அப்படித்தானே. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்குத் தெரியும்?

மார்கழி 17, வியாழன்

மாற்றம் ஒன்று. நான் கிளம்புவதற்கு முன்னால் இவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிடம் உறும விடுவார். இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் இவர் டீசல் ஜீப் ஓட்டிய காலத்துப் பழக்கம். வேண்டாம், மெதுவாக ஓட்டினாலே சூடாகிவிடும் என்றேன்.

"செரி, உட்டர்றேன்."

உடனே சம்மதம். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் இவர் உடனே சம்மதித்தது இதுதான் முதல் தடவை. உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம் போலிருந்தது.

முதல் இரண்டு கிலோமீட்டர் முப்பதில் ஓட்டினேன். பால் வண்டிக்காரர் என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். 18.3.

மார்கழி 18, வெள்ளி

பனிநாட்டுக்காரன் முன் கிரில்லை அட்டையால் மூடுகிறான், இன்ஜின் சூடு தங்குமாம். நூல் கோன் வரும் அட்டைப்பெட்டி மில்லில் கொட்டிக் கிடக்கிறது. ஒன்றை வெட்டி, கயிறு கட்டி, சந்தேகத்துக்கு சர்வீஸ் பையனிடம் காட்டினேன்.

"ஏனுங்க்கா, இது காஷ்மீருங்களா? பத்து மணிக்கு வெயிலடிச்சா இன்ஜின் வெந்துருமுங்க."

அட்டை இப்போது ஊறுகாய் ஜாடிக்கு அடியில்.

மார்கழி 20, ஞாயிறு

மாற்றம் இரண்டு, டயர். பங்க்கில் போய்க் காற்று பார்த்தால் ஓடிய சூட்டில் முப்பத்துமூன்று காட்டுகிறது. நூலையே ராத்திரி முழுக்க லேப் ஈரப்பதத்தில் வைத்த பிறகுதான் சோதிக்கிறோம். டயரும் ராத்திரி முழுக்க நின்ற பிறகல்லவா பார்க்க வேண்டும்? சொந்தமாக ஒரு கேஜ் வாங்கியாயிற்று. இன்று ஆறு மணிக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு போர்டிகோவில் உட்கார்ந்தேன்.

நாலு டயரும் முப்பத்தொன்று. முப்பத்துமூன்று இருக்க வேண்டும். எழுந்திருக்கக் கையை பானெட்டில் ஊன்றினேன்.

பானெட் சூடு.

நேற்று மதியத்திலிருந்து எடுக்காத வண்டி. இவர் அடுக்களையில், தொன்னையில் கோயில் பொங்கலோடு. மார்கழி பூராவும் விடியுமுன் பெருமாள் கோயிலுக்குப் போகிறார். போக எண்ணூறு மீட்டர், வர எண்ணூறு. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். நடந்துதான் போகிறேன் என்று தினமும் நாலு பேர் காதில் விழச் சொல்வார்.

"வண்டி எடுத்தீங்களா?"

"நானா? நடந்துட்டு வாரேன். ஒடம்பு கும்முனு இருக்குது."

"பானெட் சுடுது."

"வெயிலுக்கு இருக்கும் அம்மணி."

ஆறு மணிக்கு. வெயில்.

மார்கழி 22, செவ்வாய்

ஒரு சாம்பிளை வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. நேற்று சாயங்காலம் ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கிவிட்டுத்தான் இறங்கினேன். காலையில் 1.6. எண்ணூறும் எண்ணூறும்.

இன்னொன்று. ஹீட்டர் இருபத்தெட்டில். காற்று காலுக்கு. நான் ஹீட்டர் போடுவதே இல்லை. பனி மூடினால் கண்ணாடிக்கு மட்டும் கொஞ்சம் காற்று.

மைலேஜைத் தின்றது யாரென்று தெரிந்துவிட்டது. குளிர்ந்த வண்டியை எடுத்து ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் நிறுத்துவது. கோயில் மணி அடிக்கும்வரை உள்ளேயே ஹீட்டரில் உட்கார்ந்திருப்பது. திரும்பவும் அதே. பழி மட்டும் என் காலுக்கு!

வரட்டும் பிரபு. அவன் முன்னால் வைத்துக் கேட்கிறேன். என்ன வார்த்தையில் கேட்பது என்று மில் போகும்வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பாட்டே பாடவில்லை. ஜோதிமணி, "ஏனக்கா தனியாச் சிரிக்கறீங்க?"

மார்கழி 23, புதன்

மூன்றாவது சாம்பிள். நாலே முக்காலுக்கே எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். கோயில் ஸ்பீக்கரில் பாட்டு. இவர் கேட்டைத் திறந்து, வண்டியைச் சத்தமே இல்லாமல் பேட்டரியில் பின்னால் எடுத்தார். குளிரிலும் முதல் சில அடி மட்டும் பேட்டரி இழுக்கும். முக்கு திரும்பிய பிறகுதான் இன்ஜின் சத்தம். எத்தனை நாள் பழக்கமோ!

அஞ்சே முக்காலுக்குத் திரும்பி வந்தார். கதவைத் திறந்தார். இறங்கவில்லை. ஒரு காலை வெளியே வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அப்படியே நின்றார். இரண்டு கையாலும் வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நூறு எண்ணியிருப்பேன். பிறகு சீட்டிலிருந்த தொன்னையை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி ஏறினார். என் எதிரில் ஒரு நாளும் சுவரைப் பிடித்ததில்லை.

தைலம் ஏன் ஒரே வாரத்தில் தீருகிறது என்று இப்போதுதான் உறைக்கிறது. நூலில் ஒரு மயிரிழை தடித்தால் கண்டுபிடிப்பவள் நான். வீட்டில் ஒரு மனுஷன் நொண்டுவது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

கீழே போனேன். "நடந்துட்டு வந்தீங்களா?"

"ஆமா அம்மணி. நல்ல பனி."

காபி கொடுத்தேன். முட்டியை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிடுவாரோ என்கிற பயம் இவருக்கு. எனக்குத் தெரியாதா? ஃபவுண்டரி சிநேகிதர் முட்டி ஆபரேஷன் பண்ணிக்கொண்டதைப் பார்த்துவிட்டு வந்த அன்று இவர் சாப்பிடவே இல்லை.

மார்கழி 24, வியாழன்

நேற்று சாயங்காலம் அவரைக்காய் அரிந்துகொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"ஏனுங்க, இந்தக் குளுருக்கு வண்டிய ஒருக்காத்தான் ஸ்டார்ட் பண்ணோணுமாம். நாளைலருந்து என்றகூட வாங்க. ஆறரைப் பூஜைக்குக் கோயில்ல எறக்கி உட்டுட்டு நான் மில்லுக்குப் போறேன். வரும்போது வெயில் வந்துரும், மெல்ல நடந்து வந்துருங்க. மைலேஜும் ஏறும்."

டிவியை அணைத்தார்.

"எப்பக் கண்டுபிடிச்ச?"

"பானெட் சொல்லுச்சுங்க."

சிரித்துவிட்டார். பிறகு மெதுவாக, "ஒரு வழி நடந்தர்றேன் அம்மணி. ரெண்டு வழிதான் ஆக மாட்டேங்குது."

இவ்வளவையும் சொல்ல இவருக்கு ஒரு மார்கழி வேண்டியிருந்தது. பொங்கல் கழிந்ததும் டாக்டர் என்றேன். தலையை ஆட்டினார்.

இன்று காலை ஒன்றாகக் கிளம்பினோம். ஹீட்டர் இல்லை, கம்பளியை முட்டிமேல் போட்டுவிட்டேன். பிரேக்கை எங்கே மிதிக்க வேண்டும் என்று கோயில் வரை வகுப்பு எடுத்தார். இன்றைய ஓட்டம் மட்டும் 22.6!

மார்கழி 28, திங்கள்

பனி குறைவு. தினமும் 22-க்கு மேல். ஆனால் மார்கழி ஒன்றிலிருந்து போட்ட சராசரி ஏறவே மாட்டேன் என்கிறது. 19.2.

ஜோதிமணி: "பேசாம சராசரிய அழிச்சுப்போட்டுப் புதுசா ஆரம்பிங்கக்கா. யாரு பாக்கப் போறா?"

நான் பார்ப்பேனே. கெட்ட சாம்பிளை அழித்துவிட்டுப் பாஸ் போடுகிற லேப் அல்ல எங்களுடையது. அழிக்கவில்லை. ஆனால் மில் வேன் டிரைவரைப் பார்த்ததும் இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினேன்.

மார்கழி 30, போகி, புதன்

வீடு கழுவி முதுகு விட்டுப்போனது. சாயங்காலம் காப்புக் கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை. வாசலுக்கு, மோட்டார் ரூமுக்கு, கடைசிக் கொத்து வண்டி கிரில்லுக்கு. இவர் குனிய முடியாமல் என்னைக் கட்டச் சொன்னார். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார், "குனிய முடியல" என்று.

பிரபு ஏழு மணிக்கு வந்தான். இளைத்திருக்கிறான்.

தை 1, பொங்கல், வியாழன்

பொங்கல் நன்றாகப் பொங்கியது. வெல்லம் கொஞ்சம் கூடுதல்.

சாப்பிட்டுவிட்டு பிரபு சாவியோடு போர்டிகோவுக்குப் போனான். இவர் நாற்காலியில். நான் ஈரக்கையோடு வாசற்படியில். திரையைப் பார்த்தான்.

"அப்பா, பத்தொம்போது புள்ளி நாலு. இருபத்திரண்டு வரலியே. அப்ப நான் எடுத்துட்டுப் போயரட்டுமா?"

காரணம் எனக்குத் தெரியும். சொன்னால் இவரைக் காட்டிக்கொடுத்ததாகும், சொல்லாவிட்டால் வேன்.

இவர் எழுந்தார். என் எதிரில், மகன் எதிரில், சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார். அவன் கையிலிருந்து சாவியை வாங்கினார்.

"மீதிய என்ற முட்டி தின்னுபோட்டுதுடா கண்ணு. உங்கம்மா ஓட்டுனது இருபத்திரண்டுக்கு மேல. இது அவ வண்டி."

சாவியை என் ஈரக்கையில் வைத்தார். பிரபு, "முட்டிக்கு என்னப்பா?" என்று கேட்க ஆரம்பித்தவன் ராத்திரி வரை நிறுத்தவில்லை.

தை 5, திங்கள்

பனி. பதினாறு டிகிரி, இந்த வருடத்திலேயே குறைவு. பிரபு நேற்றே பஸ்ஸில் போய்விட்டான். அரை நாள் லீவு. எட்டு மணிக்கு டாக்டர்.

இவர் குளித்து, சட்டை மாற்றி, அஞ்சரைக்கே தயார். பரீட்சைக்குப் போகிற பிள்ளை முகம். வண்டியில் ஏறி, கம்பளியைத் தானே எடுத்து முட்டிமேல் போட்டுக்கொண்டார்.

கம்பளியை வாங்கிப் பின்சீட்டில் போட்டேன். ஹீட்டர் இருபத்தெட்டு. காற்று காலுக்கு.

"மைலேஜ் போயிரும் அம்மணி."

"போகுட்டுமுங்க."