கையெழுத்துப் போட்ட பஸ்

நீ எழுந்திருப்பதற்குள் டிப்போவுக்குக் கிளம்பிவிட்டேன். நேற்றுச் சாப்பாட்டை நான் தொடவில்லை, சூடு பண்ணிச் சாப்பிடு. குழாய் ரிப்பேர்காரர் பத்து மணிக்கு வருவார், சாவியை மாடிவீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போ.

டிப்போ ஆண்டு விழாவிலிருந்து வந்ததும் நீ கேட்டது சரிதான். "இருபத்தாறு வருஷமா பஸ்ஸுக்கு அடியில கிடக்குறீங்க, அப்பா. மேடைக்குக் கூப்பிட்டது பெயின்ட் அடிக்கிறவரைத்தானே?" வலித்தது. பிரேக் பிடிக்கிறவரை மெக்கானிக்கை யாருக்கும் ஞாபகம் வராது.

உன்னிடம் ஒன்றைச் சொல்லவில்லை. ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்து முடித்ததும், ஓடலாம் என்று கையெழுத்துப் போடும் முன், "ஆண்டவரே, நீங்களும் பாத்துட்டீங்கல்ல?" என்று கேட்பேன். பஸ்ஸுக்கு அடியில் அந்த இருட்டில் அவர் கண்ணில் நான் இருக்கிறேன் என்பதுதான் இத்தனை வருஷமும் என்னை நிமிர்ந்து நடக்க வைத்தது.

நேற்று விழாவில் வந்த கோபத்தில், வீட்டுக்குக் கிளம்பும் முன் கடைசி பஸ்ஸைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒருத்தரும் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கத்தான் இப்போது ஓடுகிறேன்.

குடை கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

இதை முதலிலேயே எழுத மனம் வரவில்லை. அது தினமும் நீ வேலைக்குப் போகிற எட்டு மணி பஸ். இன்று தாமதமாக வரும், காத்திருந்து ஏறு. நான் பார்க்காமல் அதை வெளியே விடமாட்டேன்.